'வோய் அ' மட்டும் போதாது

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிற எவர் காதிலும் முதல் சில மாதங்களுக்குள் ஓர் அறிவுரை விழுந்துவிடும். "எதிர்கால வினைத்திரிபை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. 'வோய் அ' என்று ஒரு துணைவினையைப் போடு, பின்னால் அகராதியில் இருக்கிற வினையை அப்படியே வை. பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்." யூடியூப் ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள், செயலிகளில் படித்தவர்கள் சொல்கிறார்கள், தனிவகுப்பு எடுக்கிறவர்களும் சொல்கிறார்கள். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: அந்தப் பழைய எதிர்காலம் செத்துக்கொண்டிருக்கிறது, இனி அது செய்தித்தாளுக்கும் சட்டப் புத்தகத்துக்கும்தான்.

இந்தத் தீர்ப்பு தவறு. யாரோ ஒரு பயணி பத்து நாள் மத்ரித்தில் சமாளிப்பதற்கு வேண்டுமானால் இந்த அறிவுரை உதவும். மொழியைக் கற்க வருகிறவருக்கு இது கேடு. அதிலும் தமிழ் பேசுகிறவர் இதைக் கேட்டு நடந்தால், தனக்கு வீட்டிலேயே இருக்கிற சொத்தைத் தெருவில் போட்டுவிட்டு அடுத்தவரிடம் கடன் கேட்கிற நிலைக்கு வருவார். (ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழில் எழுதும்போது, அழுத்தம் விழும் இடத்தில் நெடில் போட்டிருக்கிறேன். அந்த அழுத்தம் சும்மா அலங்காரம் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.)

எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். அன்றாடப் பேச்சில், முக்கியமாக லத்தீன் அமெரிக்க நாடுகளில், நாளைக்கோ அடுத்த வாரமோ நடக்கப்போவதைச் சொல்ல 'வோய் அ' வகைதான் மிகுதி. 'வோய் அ அப்லார்' என்றால் பேசப் போகிறேன். 'அப்லரே' என்றால் பேசுவேன். முதலாவதைத்தான் அடிக்கடி கேட்போம். இதில் சண்டை இல்லை. ஆனால் இதிலிருந்து "ஆகவே இரண்டாவது தேவையில்லை" என்று தாவுகிறார்களே, அங்கேதான் கோளாறு. ஒரு வடிவம் வருங்காலத்தைச் சொல்வதற்குக் குறைவாகப் பயன்படுகிறது என்றால், அது வேறு எதற்கு மிகுதியாகப் பயன்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதில்லை.

அழைப்பு மணி அடிக்கிறது. யாரையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் உள்ள ஸ்பானியர் என்ன சொல்வார்? "கியேன் ஸெரா?" என்பார். 'ஸெரா' என்பது 'இரு' என்ற பொருள் தரும் 'ஸேர்' வினையின் எதிர்காலம். ஆனால் மணி அடித்தவர் வருங்காலத்தில் இல்லை. இதோ, இப்போதே கதவுக்கு வெளியே நிற்கிறார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "யாரா இருக்கும்?" நாமும் எதிர்காலத்தைத்தான் போடுகிறோம். கடிகாரம் கையில் இல்லாதபோது நேரம் கேட்டால் ஸ்பானியர் "ஸெரான் லஸ் த்ரேஸ்" என்பார். நாம் "மணி மூணு இருக்கும்" என்போம். பையன் ஏன் போனை எடுக்கவில்லை? "எஸ்தரா துர்மியேந்தொ." தூங்கிக்கிட்டு இருப்பான். விருந்தாளி ஏன் இன்னும் வரவில்லை? "அப்ரா பெர்தீதொ எல் த்ரேன்." ரயிலை விட்டிருப்பார். "சாவி எங்க இருக்கும்?" என்று வீட்டைப் புரட்டும்போதுகூட அவர்கள் 'எஸ்தரான்' என்ற எதிர்காலத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொன்றையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தூங்கிக்கொண்டு இருப்பான் என்பதற்குத் தூங்கிக்கொண்டு இருப்பான். தவறவிட்டிருப்பார் என்பதற்குத் தவறவிட்டிருப்பார். நடந்துமுடிந்ததைப் பற்றிய ஊகத்துக்குக்கூட, ஒரு துணைவினையை எதிர்காலத்தில் நிறுத்தும் அதே வழிதான் இரண்டு மொழியிலும். இப்போது இந்த இடங்களில் 'வோய் அ' வகையைப் போட்டுப் பார்ப்போம். "வான் அ ஸேர் லஸ் த்ரேஸ்." இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் பொருள் மாறிவிட்டது: "மூணு ஆகப் போகுது." 'மூணு இருக்கும்' என்பதும் 'மூணு ஆகப் போகுது' என்பதும் ஒன்றா? சின்னப் பிள்ளைகூட இல்லை என்று சொல்லும். கதவு தட்டும் ஆளைப் பற்றி "யாரா இருக்கப் போகுது?" என்று நாம் கேட்டால், "வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரர்தான்" என்ற சலிப்பு அதில் ஏறிவிடும், வெறும் ஐயம் போய்விடும். ஒன்று இன்னொன்றின் சுருக்கம் இல்லை. இரண்டு வேலைக்கு இரண்டு வடிவம்.

நாளைய தொலைபேசி அழைப்பைப் பாருங்கள். "நாளைக்குப் பேசறேன்", "நாளைக்குப் பேசப் போறேன்", "நாளைக்குப் பேசுவேன்" என்று தமிழில் மூன்று வழி. ஸ்பானிஷிலும் அதே மூன்று வழி: நிகழ்காலம், 'போ' என்னும் துணைவினை, எதிர்காலம். அங்கேயும் அந்தத் துணைவினை 'போ' என்பதுதான் என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஓர் இடத்தில், ஆங்கில வழியாகத் தயாரான பாடத்தை அப்படியே வாங்கித் தமிழ் மாணவர் தலையில் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த ஊகத்துக்குப் பெரும்பாலும் 'மஸ்ட்' போன்ற வேறு துணைவினைதான் முன்னால் வரும். ஆகவே ஆங்கிலம் பேசுகிற மாணவருக்கு ஊக எதிர்காலம் அந்நியம். அதைப் பின்பாடத்துக்குத் தள்ளுவதில் அவர்களுக்கு ஒரு காரணமாவது உண்டு. நமக்கு என்ன காரணம்?

"ஊகத்தைச் சொல்ல வேறு வழிகள் இருக்கின்றனவே" என்று பதில் வரும். இருக்கின்றன. 'தேபெ தெ' என்று ஒரு வழி உண்டு. மெக்சிகோவில் 'ஆ தெ எஸ்தார்' என்பதைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நாம் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கலாமே தவிர, எதிரில் இருப்பவர் எதைச் சொல்ல வேண்டும் என்று கட்டளை இட முடியாது. ஊக எதிர்காலம் தெரியாத மாணவர் 'எஸ்தரா துர்மியேந்தொ' என்பதைக் கேட்டுவிட்டு, பையன் இனிமேல்தான் தூங்கப் போகிறான் என்று புரிந்துகொள்வார். பாடத்தை மிச்சம்பிடித்ததன் பலன் இதுதான்.

எதிர்காலம் லத்தீன் அமெரிக்காவில் வழக்கொழிந்துவிட்டது என்கிறவர்கள் எக்வதோர் மலைநாட்டுப் பக்கம் காதைத் திருப்பலாம். கித்தோ பகுதியில் எதிர்கால வடிவம் கனிவான ஏவலாகவே வழங்குகிறது. நேரடியாக 'வா' என்று ஏவாமல் 'வெந்த்ராஸ்' என்பார்கள். 'வருவாய்' என்பது சொல்லின் நேர்ப்பொருள், 'வந்துடு, சரியா' என்பது அதன் தொனி. கெச்சுவா மொழியோடு நூற்றாண்டுகளாகப் பழகியதன் தாக்கம் இது என்று மொழியியலாளர் சொல்வதுண்டு. செத்துப்போன ஒரு வடிவம் புதிய வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளாது.

அடுத்த குற்றச்சாட்டு: கடினம். எதிர்காலத்தை ஒதுக்கச் சொல்கிறவர்கள் அனைவரும் இதைச் சொல்லாமல் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். ஸ்பானிஷ் வினைத்திரிபுகளில் இவ்வளவு சுலபமானது வேறு அதிகம் இல்லை.

மற்றக் காலங்களில் வினையின் வாலை வெட்ட வேண்டும். ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று குடும்பங்களுக்கும் விகுதி மாறும். எதிர்காலத்தில் எதையும் வெட்ட வேண்டாம். அகராதியில் உள்ள முழு வினைக்குப் பின்னால் ஒரே விகுதித் தொகுதி, மூன்று குடும்பத்துக்கும் பொது: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன். அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரேய்ஸ், அப்லரான். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள். முடிந்தது. நிகழ்காலத்தில் அர்ஜென்டினாக்காரர் 'வோஸ்' என்னும் முன்னிலைக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறார். எதிர்காலத்தில் அந்த வேறுபாடும் இல்லை.

இன்னொன்று. மாணவரை அழவைக்கும் வினைகள் எவை? 'ஸேர்', 'ஈர்', 'எஸ்தார்', 'தார்'. இருப்பதும் போவதும் கொடுப்பதும். 'ஈர்' வினை நிகழ்காலத்தில் 'வோய்' என்று நிற்கும், இறந்தகாலத்தில் 'ஃபுய்' என்று நிற்கும், பழக்கத்தைச் சொல்லும் இறந்தகாலத்தில் 'ஈப' என்று நிற்கும். மூன்றுக்கும் முகஜாடை ஒன்றில்லை. எதிர்காலத்தில் அது 'இரே'. அவ்வளவுதான். 'ஸெரே', 'எஸ்தரே', 'தரே'. முரட்டு வினைகள் எல்லாம் இங்கே ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. ஆக, சுலபமான வழி என்று பரிந்துரைக்கப்படும் 'வோய், வாஸ், வா, வாமொஸ்' என்பதே ஸ்பானிஷின் மிகவும் ஒழுங்கற்ற வினை ஒன்றின் நிகழ்காலம். அதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, ஆறு விகுதிகளைக் கடினம் என்கிறார்கள்.

விதிவிலக்கு உண்டு. அடிப்படை வினைகள் பன்னிரண்டு. அவற்றோடு முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தவை பெரும்பாலும் தாய் வழியையே பின்பற்றும். அந்தப் பன்னிரண்டிலும் விகுதி மாறுவதில்லை, வினையடி மட்டும் சற்றுக் குறுகும். 'அபேர்', 'பொதேர்', 'ஸபேர்', 'கபேர்', 'கெரேர்' ஆகிய ஐந்தில் நடுவிலுள்ள உயிர் விழுந்துவிடும்: அப்ரே, பொத்ரே, ஸப்ரே, கப்ரே, கெர்ரே. 'தெஸீர்', 'அஸேர்' இரண்டும் நன்றாகத் தேய்ந்து திரே, அரே ஆகிவிட்டன. மீதி ஐந்துதான் சுவையானவை. 'வெனீர்' என்றால் வருதல். அதன் எதிர்காலம் 'வெனிரே' என்றுதான் இருக்க வேண்டும். வேகமாகச் சொல்லச் சொல்ல இகரம் விழுந்தது. னகரமும் ரகரமும் முட்டிக்கொண்டன. அந்த இடத்தில் நாக்கு தானாக ஒரு தகரத்தை நுழைத்தது: 'வெந்த்ரே'. இதே வழியில் 'தெந்த்ரே', 'பொந்த்ரே'. லகரத்துக்குப் பின்னால் 'ஸல்த்ரே', 'வல்த்ரே'. இதை மாணவரிடம் விளக்கப் பெரிய ஒலியியல் பாடம் வேண்டாம். 'கன்று', 'என்று' ஆகிய சொற்களை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னால் போதும். னகரத்துக்கும் றகரத்துக்கும் இடையில் டகரம் போல ஒன்று கேட்கிறதல்லவா? வரலாறு வேறு வேறு. வாய்க்கு உள்ள வசதி ஒன்று. இடைக்காலக் காஸ்தில்ய மொழியில், அதாவது பழைய ஸ்பானிஷில், இதே முட்டலை வேறு விதமாகத் தீர்த்து, எழுத்துகளை இடம் மாற்றி 'வெர்னே', 'தெர்னே' என்றும் சொன்னார்கள். பன்னிரண்டு வினைகளும் மூன்று காரணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. காரணம் தெரிந்தால் மனப்பாடம் எதற்கு?

அந்த ஆறு விகுதிகளும் எங்கிருந்து வந்தன என்பதையும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'அபேர்' என்னும் துணைவினையின் நிகழ்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், (அப்)ஏய்ஸ், ஆன். எதிர்கால விகுதிகள் இவையே. லத்தீனில் தனி எதிர்காலம் ஒன்று இருந்தது. 'அமாபித்' என்றால் அன்பு செய்வான். 'அமாவித்' என்றால் அன்பு செய்தான். மக்கள் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் கலந்தபோது வருங்காலமும் சென்றகாலமும் ஒன்றாகக் கேட்டன. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, பழைய வடிவத்தைக் கைவிட்டு, 'செய்ய வேண்டியதாக இருக்கிறது' என்ற பொருளில் வினைக்குப் பின்னால் 'அபேர்' வினையின் மூலத்தைச் சேர்த்தார்கள். அது ஒட்டிக்கொண்டதே இன்றைய எதிர்காலம். 7-ஆம் நூற்றாண்டில் பிரெதெகார் பெயரில் வழங்கும் வரலாற்றேட்டில், "தர மாட்டேன்" என்ற பாரசீக மன்னனுக்கு ஜஸ்டீனியன் பேரரசர் "தராஸ்", அதாவது தருவாய், என்று ஒரே சொல்லில் பதில் சொன்னதாகக் கதை வருகிறது. தாரா என்ற ஊருக்குப் பெயர்க்காரணம் சொல்லக் கட்டிய கதை. ஊர்ப்பெயரின் வரலாறாக அது நிற்காது. ஆனால் மன்னன் பேசுவது பழைய லத்தீன் எதிர்காலம், பேரரசர் சொல்வது புதிய வடிவம். இன்றைய ஸ்பானிஷ்காரர் சொல்லும் 'தராஸ்' அதேதான்.

1492-இல் சலமாங்காவில் அச்சான தன் இலக்கண நூலில் அந்தோனியோ தெ நெப்ரிகா இந்த இணைப்பைக் கண்டு எழுதிவிட்டார். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஒட்டு இன்னும் இறுகவில்லை. வினைக்கும் துணைவினைக்கும் நடுவில் 'உனக்கு', 'அதை' போன்ற சொற்களைச் செருகலாம். போர்த்துகீசிய எழுத்து வழக்கில் இன்றும் செருகலாம். இதெல்லாம் பண்டிதர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்குவது சரியில்லை. விகுதியைத் தனியாக உருப்போடத் தேவையில்லை என்பதற்கான காரணம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

எதிர்காலத்தை விட்டவர் கூடவே இன்னொன்றையும் இழக்கிறார். 'பொத்ரீய', 'கெர்ரீய', 'குஸ்தரீய' என்று பணிவாகப் பேசுவதற்கும், 'செய்திருந்தால் நடந்திருக்கும்' என்று நிபந்தனை சொல்வதற்கும் ஒரு வடிவம் உண்டு. அதே முழு வினை, அதே பன்னிரண்டு குறுகிய வினையடி. பின்னால் ஒட்டுவது மட்டும் 'அபேர்' வினையின் இறந்தகாலம். ஒன்றைக் கற்றவருக்கு இரண்டாவது ஏறக்குறைய இலவசம். 1847-இல் லத்தீன் அமெரிக்க நாட்டவருக்காக இலக்கணம் எழுதிய அந்த்ரெஸ் பெய்யோ, இந்த வடிவத்துக்கு 'இறந்தகாலத்துக்குப் பிந்தியது' என்ற பொருளில்தான் பெயரிட்டார். கடையில் பணிவாக ஒன்றைக் கேட்க ஆசைப்படும் மாணவரை, அதன் அடிப்படையைப் படிக்காதே என்று தடுக்கிறார்கள்.

பிறகு, 'சட்டப் புத்தகத்துக்குத்தான்' என்று அலட்சியமாகச் சொல்கிறார்களே, அதையும் கேட்டுவிடுவோம். 1978 ஸ்பானிய அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு, காஸ்தில்ய மொழியைத் தவிர்த்த மற்ற மொழிகளும் அவ்வவற்றின் தன்னாட்சிப் பகுதிகளில் அலுவல் மொழி ஆகும் என்று சொல்லும் இடத்தில் 'ஸெரான்' என்ற எதிர்காலத்தைப் போடுகிறது. கத்தலான் மொழியின், பாஸ்க் மொழியின், கலீசிய மொழியின் அலுவல் உரிமைக்கு அந்த ஒரு வினைதான் ஆதாரம். மொழியுரிமைக்காகப் போராடிய வரலாறு உள்ள ஒரு சமூகத்துக்கு இதன் எடையை விளக்க வேண்டியதில்லை. 1936 ஜூலையில், ஸ்பானிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், மத்ரித் வானொலியில் கம்யூனிஸ்ட் தலைவர் தொலோரெஸ் இபார்ரூரி எழுப்பிய முழக்கம் 'நோ பஸரான்': உள்ளே வர மாட்டார்கள். 1953-இல் சந்தியாகோ தெ கூபா நீதிமன்றத்தில் ஃபிதெல் காஸ்ட்ரோ தன் வாதத்தை முடித்தது, வரலாறு தன்னை விடுவிக்கும் என்ற பொருளில், 'அப்ஸொல்வெரா' என்னும் எதிர்காலத்தில். இங்கெல்லாம் 'போகிறது' வகையைப் போட்டால் வாக்கியம் தகவலாகிவிடும், உறுதிமொழி இருக்காது. அவர்கள் அரசியலை ஏற்கலாம், எதிர்க்கலாம். மக்கள் கூட்டம் தெருவில் கத்திய சொல்லைப் புத்தக வழக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது.

தமிழ் மாணவர் சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு வாதாடினால் நேர்மை ஆகாது. நாம் பழக்கத்தையும் எதிர்காலத்தில் சொல்கிறோம். "அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்." ஸ்பானிஷில் இதற்கு நிகழ்காலம்தான். "சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போவோம்" என்பதற்கு அங்கே 'ஈபமொஸ்' என்று பழக்க இறந்தகாலம். இந்த இரண்டிலும் நம் எதிர்காலத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. 'நீ வரும்போது', 'நேரம் இருந்தால்' என்னும் இடங்களிலும் ஸ்பானிஷ் எதிர்காலத்தை ஏற்காது. 'குவாந்தொ' என்ற சொல் 'எப்போது' என்று கேட்டால் எதிர்காலம் வரலாம், 'போது' என்று நின்றால் வரக் கூடாது. அழுத்தமும் இடறும். 'அப்லரா' என்றால் பேசுவார். 'அப்லார' என்றால் 'அவர் பேசினால்' என்பது போன்ற வேறு வடிவம். எழுத்தில் தலைக்கு மேல் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். இவற்றைக் காட்டித்தான் எதிர்காலத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்றால், நான் சொல்வேன்: இவை முன்னதாகவே சொல்லித்தர வேண்டிய காரணங்கள். தவறு பழகிய பிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

தமிழ் மாணவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் எதிர்காலம் இறந்தகாலங்கள் எல்லாம் முடிந்த பிறகு வருகிறதென்றால், அதை முன்னால் கொண்டுவாருங்கள். முதல் வாக்கியமாக நாளைய திட்டத்தை எழுதவைக்காதீர்கள். அதற்கு 'வோய் அ' இருக்கிறது, இருக்கட்டும். "யாரா இருக்கும்?", "மணி என்ன இருக்கும்?", "தூங்கிக்கிட்டு இருப்பான்", "கிளம்பியிருப்பாங்க" என்ற நான்கையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஸ்பானிஷை எழுதுங்கள். மீதியை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.